லைட்டை அணைச்சுட்டா கோளாறு போயிடுமா?

1/ கார் டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல ஒரு எஞ்சின் படம் எரியுமே, பார்த்திருக்கீங்களா? போன வருஷம் ஆடியில இருந்து புரட்டாசிக்குள்ள என் கார்ல அது நாலு தடவை எரிஞ்சுது. மூணு தடவை அணைச்சுக் கொடுத்தாங்க. நாலாவது தடவை ஒரு மெக்கானிக் அண்ணன் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். கார்ல ஆரம்பிச்ச அந்தக் கேள்வி, என் கிளினிக்குக்கு வந்த ஒரு பேஷண்ட்கிட்ட போய் முடிஞ்சுது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/ நமக்கு வீடு திருவள்ளூர். கிளினிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். தினமும் பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் வழியா போய் கொல்கத்தா ஹைவேயில ஏறணும். இரும்பு உருக்கும் ஆலை, டயர் கம்பெனி, கெமிக்கல் கம்பெனின்னு எல்லா லாரியும் அந்த ரோட்டுலதான். கம்பி ஏத்தின டிரெய்லருக்கும் கன்டெய்னருக்கும் நடுவுல நம்ம சின்ன கார். அது வழியில நின்னா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

3/ கார் 2019 மாடல். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்ல. ஆடி மாசம் ஆரம்பத்துல போன் வந்துச்சு. "சார், உங்க வண்டி ரீகால்ல வருது. ஃப்யூல் பம்ப் இலவசமா மாத்தித் தர்றோம்." கேட்டதும் வயித்துல ஒரு பயம். இத்தனை நாள் அம்மாவை உட்கார வச்சுக்கிட்டு ஓட்டினது கோளாறுள்ள பம்ப்லயா?

4/ முதல்ல ஒரு விஷயம். ரீகால்னா அவமானம் இல்லை, பயப்பட வேண்டியதும் இல்லை. ஒரு மருந்தின் ஒரு பேட்ச்சில் தவறு தெரிந்தால் கடைகளில் இருந்து திரும்பப் பெறுவார்கள் அல்லவா, அதே மாதிரிதான். நம் நாட்டில் கார் கம்பெனிகள் 2012ல் இருந்து தாங்களாகவே இதைச் செய்து வந்தன. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கோளாறுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி அரசே உத்தரவிட முடியும். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அரசே உத்தரவிடும் ரீகாலில் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

5/ ஃப்யூல் பம்ப் ரீகால் புதுசும் இல்லை. 2020 ஜூலையில் மாருதி சுசூகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களை அழைத்தது. உலக அளவில் டொயோட்டா உட்படப் பல கம்பெனிகள் 2020ல் இருந்து இதே பாகத்துக்காக லட்சக்கணக்கான கார்களை அழைத்திருக்கின்றன. அந்த உலகளாவிய ரீகாலில் சொல்லப்பட்ட காரணம் இதுதான்: பெட்ரோல் டேங்குக்குள் முழுகிக் கிடக்கும் பம்ப்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் சுற்றும். அதன் அடர்த்தி குறைவாக இருந்தால் பெட்ரோலைக் குடித்து லேசாக ஊதும். ஊதினால் பக்கச் சுவரில் உரசும். உரசி உரசி ஒருநாள் நிற்கும். பம்ப் நின்றால் வண்டியும் நிற்கும்.

6/ வண்டியை விட்டேன். பார்ட் வரல, நாலு நாள் யார்டுலயே நின்னுச்சு. அஞ்சாம் நாள் கிடைச்சுது. வாட்டர் வாஷ் எல்லாம் பண்ணி பளபளன்னு கொடுத்தாங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளினிக் முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன். பெரியபாளையத்துல மஞ்சள் லைட்.

7/ அப்ப எனக்கு வந்த முதல் எண்ணம் என்னவா இருக்கும்? "புது பம்ப்பை ஒழுங்கா மாட்டல." உங்களுக்கும் அதானே தோணும்? ரீகாலுக்கு முன்னாடி லைட் எரியல. பின்னாடி எரியுது. அப்போ ரீகால்தான் காரணம். கணக்கு சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

8/ இதே கணக்கை எங்கிட்ட வந்து சொல்ற பேஷண்ட்டுங்க நிறைய. "ஊசி போட்ட மூணாம் நாள் மூட்டு வலி வந்துச்சு டாக்டர், ஊசியாலதான்." நான் பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் சொல்லுவேன்: ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால், முன்னது பின்னதுக்குக் காரணம் என்று ஆகிவிடாது, சந்தேகப்படலாம், முடிவு கட்டக்கூடாது. ஊருக்குத்தான் உபதேசம். என் காருன்னு வந்ததும் எல்லாம் மறந்து போச்சு.

9/ சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனரை மாட்டி ரெண்டே நிமிஷத்துல லைட்டை அணைச்சாங்க. "சென்சார் எரர் சார், கிளியர் பண்ணியாச்சு." என்ன கோடுன்னு கேட்டேன். எழுதி வைக்கல. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அதே லைட். மறுபடி கிளியர். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் ஜாஸ்தி சார், அதான்." மூணாவது தடவை நான் கத்திட்டேன். அட்வைசர் தம்பிக்கு 25 வயசு இருக்கும். எல்லார் முன்னாடியும் கத்தினேன். "உங்க பம்ப்பே டூப்ளிகேட்"னு சொன்னேன். பாவம், அவங்க ரெண்டாவது பம்ப்பும் மாத்திக் கொடுத்தாங்க.

10/ ரெண்டாவது பம்ப் மாத்தின ஒன்பதாம் நாள். அதுவும் ஞாயிறுதான். அம்மாவைக் கூட்டிக்கிட்டு கும்மிடிப்பூண்டியில ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டு ராத்திரி திரும்பறோம். கவரைப்பேட்டை தாண்டி, புதுவாயல்ல திரும்ப ஸ்பீடைக் குறைச்சு பிரேக் போடறேன். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி நின்னுடுச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிடுச்சு. பின்னாடி வந்த டிரெய்லர் ஹாரனை அழுத்திக்கிட்டே வலது பக்கம் ஒதுங்கிப் போச்சு. அதோட காத்து வண்டியை ஆட்டுச்சு. அம்மா ஒண்ணும் பேசல. என் முழங்கையை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க.

11/ மூணாவது தடவை சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆச்சு. ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. "பவானி அம்மன் கோயிலைத் தாண்டித் தாண்டிப் போற, ஒருநாளாவது இறங்கி கும்பிட்டியா?"ன்னு அம்மா கேட்டாங்க. எங்கம்மாவோட டயக்னோசிஸ் அது. சிரிக்காதீங்க, அதுல பாதி உண்மை இருந்துச்சு. பின்னாடி சொல்றேன்.

12/ மறுநாள் என் கிளினிக் பார்மசிஸ்ட் தம்பி ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். ஜி.என்.டி. ரோட்டு ஓரம், தகர ஷெட். 60 வயசு அண்ணன். திருவள்ளூர்ல இருந்த பழைய கார் பேக்டரியில, அதாங்க 1998ல லான்சர் கார் போட ஆரம்பிச்சாங்களே அங்க, கான்ட்ராக்ட்ல வேலை பார்த்தவராம். நான் போன உடனே ஆரம்பிச்சேன். ரீகால், டூப்ளிகேட் பம்ப், கன்ஸ்யூமர் கோர்ட்... எல்லாத்தையும் பொறுமையா கேட்டார். அப்புறம் ஒரே கேள்வி.

13/ "அது சரி சார். லைட்டு எப்பெப்ப எரியுது? எழுதி வச்சிருக்கீங்களா?"

நான் முழிச்சேன். எழுதல. ஆனா மூணு ஜாப் கார்டும் போன்ல படமா இருந்துச்சு. தேதி பார்த்தோம். வண்டி விட்டது ஒரு திங்கள், ஒரு திங்கள், ஒரு செவ்வாய். லைட் எரிஞ்சது மூணுமே ஞாயித்துக்கிழமை. நாலாவது, அதான் அம்மாவோட போனது, அதுவும் ஞாயிறு. "ஞாயித்துக்கிழமை என்ன சார் விசேஷம்?"னு கேட்டார்.

14/ பெரியபாளையம்! ஆடி பொறந்தா பவானி அம்மன் கோயிலுக்கு ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டம் உங்களுக்கே தெரியும். வேன், மினி லாரி, டிராக்டர்னு ரோடே கோயிலாயிடும். முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓட விட்டு ஏசியோட நின்ன இடத்துலயே நிப்பேன். மத்த நாள்ல நிக்கவே மாட்டேன், ஒரே ஓட்டம். அதாவது என் காருக்கு ஓடும்போது வியாதி இல்ல. நிக்கும்போதுதான் வியாதி.

15/ ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள்ல இந்த ஓபிடி 2 வசதி கட்டாயம். அண்ணன் அதுல ஒரு சின்ன டாங்கிளை மாட்டி போன்ல பார்த்தார். கோடு பி0171. அர்த்தம்: எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

உடனே நான் "பார்த்தீங்களா, பெட்ரோல் குறைவு! பம்ப்புதான்!"னேன்.

"பெட்ரோல் குறைஞ்சிருக்கலாம் சார். காத்து ஜாஸ்தி ஆயிருக்கவும் செய்யலாம். கோடு தெருப் பேரைத்தான் சொல்லும், கதவு நம்பரை நாமதான் தேடணும்."

16/ கோடு பதிவாகும்போது எஞ்சின் என்ன நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை ஆர்.பி.எம். எல்லாம் அதில் இருக்கும். என் கார் படத்தில் வேகம் 0. எஞ்சின் நல்ல சூடு. நின்றுகொண்டிருந்தபோது எரிந்தது என்பதற்கு வண்டியே சாட்சி. இதில் கொடுமை என்னவென்றால், ஸ்கேனரில் கிளியர் பட்டனை அழுத்தினால் லைட்டோடு சேர்த்து இந்தப் படமும் அழிந்துவிடும். மூன்று தடவை சாட்சியை அழித்துவிட்டு, குற்றவாளி யார் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

17/ அடுத்தது ஃப்யூல் ட்ரிம். புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் "காற்று அதிகம்" என்றால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். எவ்வளவு சதவீதம் கூட்டுகிறது என்பதுதான் ட்ரிம். ரத்தம் இழந்தவருக்கு இதயம் வேகமாகத் துடித்து பிரஷரைத் தாங்கிப் பிடிக்குமே, அதே வேலை. பிரஷர் நார்மல்னு நாம ஏமாந்துடுவோம், உடம்பு உள்ளே போராடிக்கிட்டு இருக்கும். அந்தப் போராட்டம் எல்லையைத் தாண்டும்போதுதான் லைட் எரியும். ஒரே ஓட்டத்தில் பெரும்பாலும் எரியாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் எரியும். கிளியர் செய்த பிறகு சில நாள் நல்லா இருக்கிற மாதிரி தெரிவது இதனால்தான்.

18/ என் காரில் நின்றபடி ஓடும்போது ட்ரிம் 24 சதவீதம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம். வைத்ததும் 4 சதவீதம். அண்ணன் சிரிச்சார். "பம்ப்பு வீக்குன்னா மிதிக்க மிதிக்க மோசமாகணும் சார். இது மிதிச்சா சரியாகுது. எங்கேயோ காத்து ஒழுகுது." எஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளே உறிஞ்சும் விசை அதிகம், மொத்தக் காற்று குறைவு. அதனால் சின்ன ஓட்டை கூடப் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் உள்ளே போகும் காற்றின் அளவோடு ஒப்பிடும்போது அந்த ஒழுகல் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

19/ "சார், உங்க ஸ்டெத்தைக் கொஞ்சம் கொடுங்க."

கொடுத்தேன். நெஞ்சில வைக்கிற முனையைக் கழட்டிட்டு, வெறும் டியூபை எஞ்சின் மேல இங்கயும் அங்கயும் காட்டினார். 30 செகண்ட் இருக்கும். நிறுத்தினார். என் காதுல மாட்டினார். உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். இதய வால்வு ஒழுகுற மாதிரியே. எஞ்சினுக்குப் பின்பக்கம் விரல் தடிமன் ரப்பர் ஹோஸ் ஒண்ணு. அடிப்பக்கம் கடிச்சு வச்சிருக்கு. எலி. பக்கத்துலயே புழுக்கை. ஹோஸை விரலால நசுக்கிப் பிடிச்சார், எஞ்சின் ஆட்டம் நின்னுது. விட்டார், மறுபடி ஆட்டம். ரெண்டு தடவை செஞ்சு காமிச்சார். சந்தேகத்துக்கே இடமில்ல.

20/ ஹோஸ் 380 ரூபாய். கூலி 200. அப்புறம் இன்னைக்கு வரைக்கும் லைட் எரியல. எலி எங்க ஏறுச்சு? நாலு நாள் யார்டுல நின்னப்பவா, என் வீட்டு வேப்பமரத்தடியிலயா? தெரியாது. ரீகாலில் கை வைத்தது பின்சீட்டுக்கு அடியில். ஓட்டை இருந்தது முன்பக்கம். ரெண்டு பம்ப்பும் நல்ல பம்ப்தான். அன்னைக்கே அந்த அட்வைசர் தம்பிக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல சார், நாங்களும் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கணும்"னார்.

21/ கார் கதை இங்க முடிஞ்சுது. எனக்கு முடியல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. "எப்பெப்ப எரியுது, எழுதி வச்சிருக்கீங்களா?" இது நான் கேட்க வேண்டிய கேள்வி ஆச்சே! யார்கிட்டயோ கேட்காம விட்டிருக்கேனே!

22/ அடையாளங்களை மாத்திச் சொல்றேன். 30 வயசு தம்பி ஒருத்தர். மூணு மாசத்துல மூணு தடவை வந்திருந்தார். வயிறு முறுக்கிப் பிடிக்கிற வலி, மலச்சிக்கல், அசதி. ஹீமோகுளோபின் 9. ஒவ்வொரு தடவையும் அல்சருக்கு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நாலு நாள் ரெஸ்ட். "சரியாயிடுச்சு சார்"னு போவார். மறுபடி வருவார். நானும் மாத்திரையை மாத்தி எழுதுவேன். யோசிச்சுப் பாருங்க, நானும் மூணு தடவை லைட்டைத்தான் அணைச்சிருக்கேன்.

23/ மறுநாள் போன் பண்ணி வரச் சொன்னேன். "தம்பி, வலி எப்பெப்ப வருது?" அவர் யோசிச்சார். "வேலைக்குப் போய் ஒரு வாரம் பத்து நாள்ல வரும் சார். லீவுல இருந்தா வராது." நான் கொடுத்த மாத்திரையால இல்ல, நான் கொடுத்த லீவாலதான் சரியாயிருக்கு. "என்ன வேலை தம்பி?" மூணு சீட்டுலயும் 'கம்பெனி வேலை'ன்னுதான் எழுதி வச்சிருந்தேன். அவர் சொன்னார்: "பழைய பேட்டரி உடைச்சு உருக்கற இடம் சார்."

24/ ஈயம். பழைய பேட்டரியை உருக்கும்போது வரும் புகையிலும் தூசியிலும் ஈயம் இருக்கும். அது ரத்தம் ஊறுவதைத் தடுத்து ரத்தசோகை உண்டாக்கும். குடலை முறுக்கும். நரம்பைக் கெடுக்கும். எலும்பில் போய் உட்கார்ந்து வருஷக்கணக்கில் இருக்கும். ரத்தத்தில் ஈய அளவு 64 மைக்ரோகிராம் வந்தது. 5க்கு மேல் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. நீ என்ன வேலை செய்கிறாய் என்று நோயாளியைக் கேள் என 1700ஆம் ஆண்டே புத்தகம் போட்டுச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி. 300 வருஷம் கழிச்சு, சிப்காட் வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு நான் கேட்கல.

25/ வீட்டுல ரெண்டு வயசுப் பாப்பா. அப்பா வேலைச் சட்டையோட வந்ததும் ஓடி வந்து கட்டிக்கும். பாப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தோம். 14. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். வளரும் மூளைக்கு அது விஷம். ரிப்போர்ட்டை அவங்க அம்மாகிட்ட விளக்கினப்ப அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு: "முன்னாடியே வந்திருந்தா பாப்பாவுக்கு வந்திருக்காதா சார்?" முன்னாடியே வந்தாங்கம்மா. மூணு தடவை வந்தாங்க. இதை நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியல.

26/ தம்பியை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி சிகிச்சை நடந்தது. ஈய விஷம், பழைய தொழிற்சாலைகள் சட்டம் 1948ன் மூன்றாம் அட்டவணையில் முதல் நோயாக இருந்தது. அதன் 89ஆம் பிரிவின்படி, அதைப் பார்க்கும் டாக்டர் அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை உண்டு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதினேன். என் சர்வீஸ்ல முதல் தடவை. தம்பி இப்ப வேற வேலை, சம்பளம் 4,000 ரூபாய் கம்மி. அவருக்கு அளவு இறங்கிக்கிட்டு வருது. பாப்பாவுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கிறோம். கடைசியா 9.

27/ ஒரு விஷயம் சொல்லணும். கார் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஈயத்தைத் தாங்காது, கெட்டுப் போயிடும். ஈயமில்லா பெட்ரோல் வந்ததுக்கு அது ஒரு பெரிய காரணம். 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல ஆரம்பிச்சு, 2000 பிப்ரவரியில நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திட்டோம். காருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் எடுத்த ஈயத்துல, இந்தத் தம்பி முகமூடி இல்லாம நின்னுக்கிட்டு இருந்தார்.

28/ சரி, உங்களுக்குப் பயன்படறதைச் சொல்லிட்டு முடிக்கிறேன்.

முதல்ல கார்:
- மஞ்சள் லைட் நிலையா எரிஞ்சா ஒரு சில நாளுக்குள்ள காட்டுங்க. விட்டு விட்டு மின்னினா எஞ்சின் சரியா எரியலன்னு அர்த்தம், வேகத்தைக் குறைச்சு சீக்கிரம் நிறுத்துங்க. ஆயில், சூடு போன்ற சிவப்பு லைட் எரிஞ்சா உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைங்க.
- எரியும்போது தேதி, இடம், ஓடிச்சா நின்னுச்சா, ஏசி போட்டிருந்ததா, கடைசியா பெட்ரோல் எங்க போட்டோம்னு போன்ல குறிச்சு வைங்க.
- கிளியர் பண்றதுக்கு முன்னாடி கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்க. ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க.
- ரீகால் இருக்கான்னு 17 இலக்க சேஸிஸ் நம்பரைப் போட்டு கம்பெனி தளத்துல பார்க்கலாம். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. தள்ளிப் போடாதீங்க. எலிக்கும் ரீகாலுக்கும் சம்பந்தமில்ல, என் கதையைப் படிச்சுட்டு பம்ப் மாத்தாம விட்டுடாதீங்க.

29/ அடுத்தது உடம்பு. திரும்பத் திரும்ப வர்ற எந்த வலிக்கும் அதே கணக்குதான். எப்ப வருது, எப்ப வரல, என்ன வேலை, வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? எழுதிக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. டாக்டர் கேட்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க. பேட்டரி, பெயின்ட், சாலிடரிங், உருக்காலை வேலைக்குப் போறவங்க அங்கேயே குளிச்சு, துணி மாத்திட்டு வீட்டுக்கு வாங்க. குழந்தையை அப்புறம் தூக்குங்க.

30/ என் கிளினிக் ஓ.பி. சீட்டுல இப்ப ரெண்டு கட்டம் புதுசா அச்சடிச்சிருக்கேன். ஒண்ணு, 'என்ன வேலை'. இன்னொண்ணு, 'எப்பெப்ப வருது'. போன வாரம் மெக்கானிக் அண்ணன் சுகர் செக் பண்ண வந்தார். சீட்டைப் பார்த்துட்டு, "இது நம்ம கேள்வியாச்சே சார்"னார். ஆமாண்ணே, உங்க கேள்விதான்னேன். பீஸ் வாங்கல. அவரும் அன்னைக்கு ஸ்டெத் டியூப்புக்குள்ள போன கிரீஸுக்கு மன்னிப்பு கேட்கல. கணக்கு நேராச்சு.

கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை பார்க்கிற சொந்தபந்தம் இருந்தா இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க.